பழைய மாருதி வண்டியின் ரேடியேட்டரைப் பேணும் விதம்

நமது கிராமங்களில் நிலச்சுவான்தார்கள் சிலருடைய கொட்டகையில் பழைய மாருதி 800 மோட்டார் வண்டி இன்னும் இருந்து வருகிறது. 1983-ஆம் வருஷம் டிஸம்பர் மாதத்தில் வெளிவந்த இவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் வருஷம் ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஆகவே, கடைசியாக வந்த வண்டிக்கும் வயது பத்துக்கு மேலாகிறது. 796 கன சென்டிமீட்டர் அளவுள்ள அதன் மூன்று சிலிண்டர் யந்திரம் எளிய அமைப்புடையது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் சில்லறை வேலைகளைத் தாமே செய்துகொள்ளலாம். அவற்றுள் முதன்மையானது ரேடியேட்டரைக் கவனித்தலேயாகும்.

ஆயில் எஞ்சின் வைத்து இறைத்தவர்களுக்கு யந்திரத்தைக் குளிர்விக்க ஜலம் வேண்டுமென்பது புதிய விஷயமன்று. ஆனால் ஒரு தவறான பழக்கமும் அதிலிருந்தே வந்திருக்கிறது. ஆயில் எஞ்சினில் கிணற்று ஜலம் ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் வாய்க்காலுக்குப் போய்விடும். மோட்டார் வண்டியிலோ அதே ஜலம் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. ஆழ்குழாய்க் கிணற்று ஜலத்தைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாய்ப் படியும் உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அவற்றை அடைத்துவிடும். சூடு வெளியேற வழியின்றி, அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் கீழுள்ள கேஸ்கெட் கெட்டுப்போகும். அதன் பின்னர், பழைய வண்டிக்கு இவ்வளவு செலவிடுவது கட்டுமா என்று யோசிக்க நேரிடும்.

ஆகையால் பாட்டரிக்கு ஊற்றும் வாலை ஜலத்தோடு கூலண்ட் என்னும் திரவத்தைச் சரிபாதியாய்க் கலந்து ஊற்ற வேண்டும். வண்டி நன்றாய் ஆறியிருக்கும் காலை வேளையே இதற்குத் தகுந்தது. சூடாயிருக்கையில் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி உள்ளே அழுத்தத்தைக் காப்பதால் ஜலம் 100 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் கொதியாமல் நிற்கும். திறந்த மாத்திரத்தில் கொதித்துப் பீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். ரேடியேட்டரின் அடியிலுள்ள திருகைக் கழற்றிப் பழையதை வடித்து, தெளிவாய் வரும்வரை நல்ல ஜலம் விட்டு அலசி, பிறகு கலவையை மெதுவாய் ஊற்றுக. மூடியைத் திறந்து வைத்தபடியே யந்திரத்தைச் சற்று ஓடவிட்டால் உள்ளிருக்கும் காற்று குமிழியிட்டு வெளியேறும். மட்டம் இறங்குமளவுக்கு மீண்டும் நிரப்பி மூட வேண்டும்.

வடித்த கூலண்டைத் தரையில் விடலாகாது. அது இனிப்பாயிருப்பதால் மாடும் நாயும் நக்கிக் குடிக்கும். அதுவோ கொடிய விஷம். தட்டில் பிடித்து, மூடியுள்ள டப்பாவில் அடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க.

ரப்பர் ஹோஸ்களை விரலால் அமுக்கிப் பார்த்து, வெடிப்போ உப்பலோ கண்டால் உடனே மாற்றுக. பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்களையும் அப்போதே பார்த்துவிடுதல் நலம். 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ஆம் வருஷம் முதல் விற்பனைக்கு வந்தது. பழைய வண்டியின் ரப்பர் அதை உத்தேசித்துச் செய்யப்பட்டதன்று. கசிவு தீ விபத்துக்கே வழியாகும்.

ரேடியேட்டரின் பின்னுள்ள மின்விசிறி, வண்டி நின்ற நிலையில் சூட்டுமுள் பாதியைத் தாண்டியும் சுழலாவிடில், யந்திரத்தை நிறுத்தி முதலில் பியூஸைச் சோதிக்க. அது நன்றாயிருந்தால், விசிறியின் இணைப்பைக் கழற்றி, பாட்டரியிலிருந்து கம்பி கொடுத்துப் பார்க்க. சுழன்றால் மோட்டார் பழுதன்று. சூட்டை உணரும் ஸ்விட்சிலோ ஒயரிலோதான் கோளாறு. கொட்டகையில் வைக்கோல் போரும் இருக்குமாயின், எலி கடித்த ஒயரை முதலில் சந்தேகிக்கலாம்.

வெளியே கசிவின்றி ஜலம் நாளுக்கு நாள் குறைந்தாலும், புகைக்குழாயில் வெண்புகை ஓயாமல் வந்தாலும், எண்ணெய்க் குச்சியில் எண்ணெய் மோர்போல் வெளுத்துக் காணப்பட்டாலும், கேஸ்கெட் கெட்டிருக்கலாமென்று அறிக. இது வீட்டில் செய்யும் வேலையன்று. அந்நிலையில் வண்டியைக் கிளப்பாது, கட்டியிழுத்துச் சென்று தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்புவிக்க வேண்டும்.