உங்களுக்குத் தெரியுமா? சர்வர் நின்றால் கேமர் கையில் என்ன மிஞ்சும்?

● 2022 ஜூலை 13 அன்று, 'ரெட் டெட் ஆன்லைன்' விளையாடுபவர்கள் சேர்ந்து அந்த கேமுக்கே இறுதிச் சடங்கு நடத்தினார்கள். கறுப்புக் கோட்டும் தொப்பியும் அணிந்த கதாபாத்திரங்கள் குதிரையேறி வந்து கல்லறைத் தோட்டங்களில் கூடி நின்றன. சரியாக ஓராண்டுக்கு முன், அதே தேதியில்தான் அதன் கடைசிப் பெரிய அப்டேட் வந்திருந்தது. சடங்குக்குச் சில நாட்கள் முன்பு ராக்ஸ்டார் நிறுவனமும் விஷயத்தை உறுதி செய்துவிட்டது: இனிப் பெரிய அப்டேட்கள் இல்லை, ஆட்களை அடுத்த ஜிடிஏ கேம் வேலைக்கு மாற்றுகிறோம்.

கூட்டம் வராமல் ஈயோட்டிய கேம் அல்ல இது. இதைப் பெற்றெடுத்த 'ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2' உலகம் முழுக்க 7 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ரெட் டெட் ஆன்லைனில் நீங்கள் ஒரு தொழிலைத் தேர்ந்தெடுத்து அதிலேயே வாழலாம்: தலைக்கு விலை வைக்கப்பட்ட குற்றவாளியைப் பிடிப்பவர், வியாபாரி, கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், அரும்பொருள் சேகரிப்பவர், விலங்குகளை ஆராய்பவர். வியாபாரியாக இருந்தால் மான் வேட்டையாடித் தோலை முகாமில் இருக்கும் கிரிப்ஸ் என்ற கிழவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் சரக்காக்கித் தருவார். வண்டி நிறைந்ததும் ஓட்டிக்கொண்டு போய் விற்க வேண்டும். தூரத்து ஊருக்குப் போனால் காசு அதிகம். வழியில் வேறு ஆட்டக்காரர்கள் மறித்துக் கொள்ளையடிக்கும் ஆபத்தும் உண்டு. இப்படி மாதக்கணக்கில் உழைத்து ஒரு தொழிலை வளர்த்தவரிடம் "இனி புதிதாக எதுவும் வராது" என்றால் மனம் கனக்கத்தான் செய்யும். அந்தச் சடங்கை வேடிக்கையாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

சர்வர்கள் இன்றும் ஓடுகின்றன. 2025 ஜூனில் யாரும் எதிர்பாராத நேரத்தில் சில புதிய பணிகளும் வந்து சேர்ந்தன.

● அந்தக் குதிரைகளுக்கும் பெங்களூருக்கும் தொடர்பு உண்டு. ராக்ஸ்டார் 2016-ல் பெங்களூரில் ஸ்டுடியோ திறந்தது. 'ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2'-ஐ உருவாக்கிய ஸ்டுடியோக்களில் அதுவும் ஒன்று. 2019-ல் துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தையும் ராக்ஸ்டார் வாங்கிக்கொண்டது. இந்தியாவின் முதல் கேம் நிறுவனம் என்று சொல்லப்படும் துருவாவை 1997-ல் பெங்களூரில் தொடங்கியவர் ராஜேஷ் ராவ். கேம் என்றால் பிள்ளைகளைக் கெடுப்பது என்று மட்டுமே ஊர் நினைத்த காலத்தில் அதைத் தொழிலாக நம்பி இறங்கியவர்.

● 'ஃபார்ம்வில்' வெளியிட்ட ஜிங்காவும் 2010-ல் பெங்களூருக்கு வந்தது. 2022-ல் ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக்-டூ, ஜிங்காவையும் வாங்கியது. ஆக, இறுதிச் சடங்கு கண்ட கேமும், அடுத்துச் சொல்லப்போகும் கேமும் இப்போது ஒரே குடும்பத்துச் சொத்து.

● 2009 ஜூனில் ஃபேஸ்புக்கில் முளைத்தது ஃபார்ம்வில். உச்சத்தில் மாதம் 8 கோடிப் பேருக்கு மேல் அதில் பயிர் வைத்தார்கள். ஸ்ட்ராபெரி நட்டால் 4 மணி நேரத்தில் விளைந்துவிடும். நேரத்துக்கு வந்து அறுக்காவிட்டால் வாடிவிடும். அதற்காகவே ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவே போய் அறுவடை செய்தவர்கள் அநேகம். அந்த கேம் 2020 டிசம்பர் 31-ல் மூடப்பட்டது. காரணம், அது ஓடிய ஃபிளாஷ் மென்பொருளின் ஆயுள் அன்றோடு முடிந்தது. 2020-க்குப் பின் ஃபிளாஷ் இருக்காது என்று அடோபி 2017-லேயே சொல்லிவிட்டது. இருந்தும் கேமுக்குள் காசு வாங்குவது 2020 நவம்பர் 17 வரை தொடர்ந்தது. மூடுவிழா தெரிந்த கடையில் கடைசி ஆறு வாரம் வரை கல்லாப்பெட்டி திறந்திருந்ததை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

● 2020 செப்டம்பர் 2-ல் இந்தியாவில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. அக்டோபர் 30-ல் சர்வரும் நின்றது. 2021 ஜூலை 2-ல் பெங்களூரில் இருந்து இயங்கும் கிராஃப்டன் இந்தியா, பிஜிஎம்ஐ என்ற பெயரில் அதை மீண்டும் கொண்டுவந்தபோது ஒரு நல்ல காரியம் செய்தது. பழைய கணக்கில் சேர்த்த உடைகள், துப்பாக்கி ஸ்கின்கள் எல்லாவற்றையும் புதிய கேமுக்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தது. 2022 ஜூலையில் பிஜிஎம்ஐயும் ஆப் ஸ்டோர்களில் இருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது. முதலில் மூன்று மாத சோதனை அனுமதி. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம்தான்.

● 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடாளுமன்றம் தடை செய்ததும், பெங்களூரின் எம்பிஎல் நிறுவனம் அவற்றை நிறுத்தியது. கணக்கில் இருக்கும் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தது. வாலட்டில் கிடப்பது ரூபாய் என்பதால் அது திரும்பி வருகிறது. அதே ரூபாயைக் கொடுத்து ரெட் டெட் ஆன்லைனில் வாங்கிய தங்கக் கட்டியும் குதிரைச் சேணமும் சர்வரோடு போய்விடும்.

● 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்ற ரோல்-பிளேயிங் கேமை 2012 நவம்பர் 30-ல் கொரிய நிறுவனமான என்சிசாஃப்ட் மூடியது. ரசிகர்கள் விடவில்லை. தாங்களே சர்வர் அமைத்து ஓட்டினார்கள். 2024 ஜனவரியில் 'ஹோம்கமிங்' என்ற ரசிகர் குழுவுக்கு அதே நிறுவனம் முறையான உரிமம் கொடுத்தது. 11 ஆண்டுப் பிடிவாதம்!

● 2024 மார்ச் 31-ல் யூபிசாஃப்ட் 'தி க்ரூ' கார் பந்தய கேமின் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து டிஸ்க் வாங்கி வைத்திருந்தவர்கூட அதன்பின் விளையாட முடியவில்லை. தனியாக ஆடுவதற்கும் சர்வர் தேவை என்றே அதை வடிவமைத்திருந்தார்கள். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். அது ஐரோப்பிய ஒன்றியத்திடம் கொண்டுபோன மனுவில் 2025 ஜூலையில் கையெழுத்துகள் 10 லட்சத்தைத் தாண்டின. அவர்கள் கேட்பது காலமெல்லாம் சர்வர் ஓட்டச் சொல்லி அல்ல. மூடும்போது, வாங்கியவர் வீட்டில் வைத்து ஆடும் நிலையில் கேமை விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான். நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் மின்வணிக வரையறையிலும் டிஜிட்டல் பொருட்கள் அடங்கும். இந்தக் கோரிக்கையை இங்கேயும் எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும்.

● 'பால்டர்ஸ் கேட் 3' என்ற ரோல்-பிளேயிங் கேமுக்கான கடைசிப் பெரிய அப்டேட்டை 2025 ஏப்ரல் 15-ல் வெளியிட்டது பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டுடியோ. அதில் கதாபாத்திரங்களுக்கு 12 புதிய துணைப் பிரிவுகள் சேர்ந்தன. தனியாக ஆட இணையம் வேண்டாம். கேமை மாற்றியமைக்கும் கருவிகளையும் முந்தைய செப்டம்பரிலேயே ஆட்டக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். லேரியன் அடுத்த கேமுக்கு நகர்ந்த பிறகும் அதற்குப் புதுப்புது உடைகளும் மந்திரங்களும் ரசிகர்கள் கையால் வந்துகொண்டே இருக்கின்றன.