இரைச்சலாய்ப் போன மின்சாரம்

கிருஷ்ணன்கோவிலில் மதுரை ரோட்டோரம் நின்று மேற்கே பார்த்தால் மலை மறித்து நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் வருசநாடு, வைகை பிறக்கும் சீமை. இன்னும் மேற்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருக்கிறது லோயர்கேம்ப். பெரியாறு மின் நிலையம் அங்கேதான்.

மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றை அணையில் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பொறியாளர் பென்னிகுவிக். 1895 முதல் அந்தத் தண்ணீர் தமிழகத்துப் பக்கம் இறங்குகிறது. பாசனத்துக்காகச் செய்த வேலை அது. 300 மீட்டருக்கு மேல் உருண்டு விழுந்த வேகம் யாருக்கும் பயன்படவில்லை. பாறையில் மோதித் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கியது, சத்தமாகவும் போனது. தண்ணீர் இறங்கும் அந்த வழியில் ஓர் இடத்துக்குப் பெயரே இரைச்சல் பாலம்.

1950களின் இறுதியில்தான் அந்த வேகத்துக்கு வேலை கிடைத்தது. நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கும் தண்ணீர் டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டில் சுழலும் காந்தம், சுற்றியுள்ள செம்புக் கம்பிச் சுருள்களில் மின்னோட்டத்தை எழுப்புகிறது. நெருப்பு இல்லை, புகை இல்லை. நான்கு ஜெனரேட்டர்களும் ஓடினால் 160 மெகாவாட்டுக்கு மேல்.

இதைக் குடத்தால் அளந்து பார்க்கிறேன். ஒரு குடம் என்றால் 15 லிட்டர். அது 300 மீட்டர் இறங்கினால், வழியில் வீணாவது போக, 10 வாட் எல்இடி பல்பு ஒன்று ஒரு மணி நேரம் எரியும். ஒரு குடத்துக்கு ஒரு மணி நேர வெளிச்சம்! குடம் சுமந்து பழகிய ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கின் கனம் தெரியும். அந்தக் குடத்தை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றிவைத்தது வெயில். கடல்நீரை ஆவியாக்கி மேகமாக மலைக்கு அனுப்பியது அதுதான்.

இத்தனைக்கும் ஒரு சொட்டுக்கூடக் குறைவதில்லை. டர்பைன் எடுத்துக்கொள்வது உயரத்தை மட்டும். வெளியே வந்த தண்ணீர் கம்பத்து நெல்வயல்களுக்குப் பாய்ந்து, மிச்சம் வைகை அணைக்குப் போகிறது.

அணையில் நீர் வற்றும் கோடையில் ஜெனரேட்டர்கள் நின்றுவிடும். குடிநீருக்காகத் திறக்கும் கொஞ்சத் தண்ணீர் அப்போது இரைச்சல் பாலம் வழியே இறங்கும். பழைய சத்தம் திரும்பக் கேட்கும்.