தடித்த இதயச் சுவர் குறையுமா?

எக்கோ அறிக்கையின் கடைசியில் 'கான்சென்ட்ரிக் எல்.வி.எச்.' என்று ஒரு வரியைப் பார்த்தவுடன் சிலருக்குத் தூக்கம் போய்விடுகிறது. வேறு சிலர், உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று அறிக்கையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அந்த வரி சொல்வது இதுதான்: இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறது. பல ஆண்டுகளாகக் கட்டுப்படாமல் இருந்த இரத்த அழுத்தமே பெரும்பாலும் இதற்குக் காரணம். அழுத்தத்தைக் குறைத்து, குறைந்த நிலையிலேயே வைத்திருந்தால் பலருக்கு இந்தத் தடிப்பும் குறைகிறது.

ஏன் தடிக்கிறது?

இதயம் நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. உடம்பு முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுவது இடது கீழறையின் வேலை. இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறியிருந்தால், அதை எதிர்த்துத் தள்ள இந்த அறை கூடுதல் விசையோடு சுருங்க வேண்டும். மூட்டை தூக்குபவரின் தோள் திரள்வதுபோல இதயத் தசையும் திரள்கிறது. தோளுக்காவது இரவில் ஓய்வு உண்டு. இதயத்துக்கு அது கிடையாது. நாளடைவில் தசை விறைத்து, ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் தளர்ந்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ளச் சிரமப்படுகிறது.

இந்தச் சுவரின் இயல்பான தடிமன் ஆண்களுக்கு 6 முதல் 10 மி.மீ., பெண்களுக்கு 6 முதல் 9 மி.மீ. ஆண்களுக்கு 11 முதல் 13 வரை லேசான தடிப்பு. 16-ஐத் தாண்டினால் தீவிரம். 'இ.எஃப். 60%' என்று இருப்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று முடிவுகட்ட வேண்டாம். அது இதயம் சுருங்கும் திறனைத்தான் காட்டுகிறது. தளர்வதில் உள்ள குறையை 'டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' என்று தனியே குறிப்பிடுவார்கள்.

கவனிக்காமல் விட்டால் மூச்சிரைப்பு, இதயச் செயலிழப்பு, ஒழுங்கற்ற துடிப்பு, பக்கவாதம் வரை போகலாம். ஈ.சி.ஜி. மட்டும் எடுத்தால் பல நேரங்களில் தடிப்பு தெரியாமல் போய்விடும். எக்கோதான் தெளிவாகக் காட்டும். இரத்த அழுத்தமே இல்லாதவருக்குச் சுவர் தடித்திருந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலோ மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வால்வு சுருக்கம், பரம்பரைத் தசைநோய் போன்ற வேறு காரணங்களையும் அவர் பார்க்க வேண்டியிருக்கும்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

"பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அந்த நார்மலே மாத்திரையால் வந்தது. நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் ஏறும், தசை மீண்டும் திரளும். தடிப்பு குறைய மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகளும் ஆகும்.

லோசார்டான், டெல்மிசார்டான், எனலாப்ரில், அம்லோடிபின் போன்றவை அடிக்கடி தரப்படும் மருந்துகள். 2002-இல் வெளியான 'லைஃப்' ஆய்வில், ஈ.சி.ஜி.யில் இதயத் தடிப்பு தெரிந்த 9,193 பேர் பங்கேற்றார்கள். லோசார்டான், அட்டெனலால் இரண்டும் அழுத்தத்தை ஏறக்குறைய ஒரே அளவு குறைத்தன. ஆனாலும் லோசார்டான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் 25% குறைவாக வந்தது. தடிப்பும் கூடுதலாகக் குறைந்தது. எந்த மருந்து யாருக்கு என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மேலே சொன்னவற்றில் முதல் மூன்றும் கருவுக்கு ஆகாதவை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அலைய முடியாத பெரியவர்கள் இதைக் கேட்டுப் பெறலாம்.

வீட்டில் அளப்பது

காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகைச் சாய்த்து 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கால் தரையில் படியட்டும். கை இதய மட்டத்தில் மேசை மேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதிவையுங்கள். வீட்டில் தொடர்ந்து 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அழுத்தம் கட்டுக்குள் இல்லை என்று பொருள்.

உப்பும் உழைப்பும்

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும். அது ஒரு டீஸ்பூன். நான்கு பேர் உள்ள வீட்டில் 1 கிலோ உப்பு 50 நாளாவது வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாளில் தீர்கிறது என்று பாருங்கள். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, மிக்சர் ஆகியவற்றில் உள்ள உப்பு இந்தக் கணக்கில் வராது. அதையும் சேர்த்துத்தான் 5 கிராம். இந்துப்பும் சோடியம் உப்புதான். பொட்டாசியம் கலந்த 'லோ சோடியம்' உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், லோசார்டான், எனலாப்ரில் வகை மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் வேகமாக நடங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு பெரும் சுமை தூக்குவது வேண்டாம். அந்த நேரத்தில் அழுத்தம் சட்டென்று ஏறும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதும் அழுத்தத்தை ஏற்றும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

நெஞ்சுவலி, மயக்கம், ஓய்விலும் மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல் இவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம், படபடப்பு இருந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த முறை போகும்போது வீட்டில் எழுதிவைத்த அளவுகளைக் கொண்டுபோய் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் அழுத்தம் எந்த அளவுக்குள் இருக்க வேண்டும்? என் சுவரின் தடிமன் இப்போது எவ்வளவு? அடுத்த எக்கோ எப்போது?