வண்ணமீன் தொட்டிக்கு விளக்கு மூடி: எந்தப் பொருள் ஏற்றது?

வயல் வேலைகளுக்கு இடையே வண்ணமீன் வளர்ப்பைத் துணைத் தொழிலாக மேற்கொள்ளும் விவசாயிகள் இன்று பலர் உள்ளனர். சென்னை கொளத்தூர்ப் பகுதியில் வீட்டு மாடியிலும் கொல்லைப்புறத்திலும் கப்பி, மோலி, தேவதை மீன் முதலியவற்றை வளர்த்து விற்போர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெளியில் உள்ள சிமெண்டுத் தொட்டிகளுக்கு வெயில் வெளிச்சமே போதும், விளக்கு வேண்டியதில்லை. ஆனால் தாய் மீன்களைப் பொறுக்கி எடுக்கவும், வாங்க வருவோர் நிறம் பார்க்கவும் திண்ணையிலோ கூடத்திலோ ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தால், அதற்கு விளக்குப் பொருத்திய மூடி தேவைப்படும். மீன் துள்ளி வெளியே விழுவதையும் மூடி தடுக்கும்.

இதை உள்ளூர்த் தச்சரைக் கொண்டே செய்துகொள்ளலாம். ஆயினும், வீட்டில் கிடக்கும் பலகை, தகரம், பழைய வயர் ஆகியவற்றை வைத்து ஒப்பேற்றுவதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, தொட்டியில் கை விடுபவரை மின்சாரம் தாக்குவது. மற்றொன்று, மூடியிலிருந்து சொட்டும் நீரில் நஞ்சு கலந்து மீன்கள் மடிவது.

மூடியின் உட்பக்கம் எந்நேரமும் ஈரமாகவே இருக்கும் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். தொட்டி நீர் ஆவியாகி, மேலே குளிர்ந்து, துளிகளாகி மீண்டும் தொட்டியிலேயே விழுகிறது. இவ்வாறு படியும் நீரில் உப்புகள் இல்லை. அது வாலை வடிநீரைப் போன்றது. எனவே தான் பட்ட பொருளைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு இறங்கும்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு மலிவாகக் கிடைப்பதால் பலர் அதையே நாடுகின்றனர். இது ஏற்றதன்று. துத்தநாகம் கரைந்து இறங்கினால் மீனின் செவுள்கள் பாதிக்கப்படும். உப்புத்தன்மை மிக்க கிணற்று நீரில் இதன் கடுமை ஓரளவு குறையும். மழை நீரைச் சேமித்து மீன் வளர்ப்போருக்குக் கேடு அதிகம். செம்பு, பித்தளைக் கீல்களும் ஆணிகளும் இதைவிடத் தீயவை. தொட்டியில் இறாலோ நத்தையோ இருந்தால் மீனுக்கு முன் அவை மடியும். கீல், திருகாணி எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும்.

மரம் நல்ல பொருளே. ஆனால் எந்த மரம் என்பதைப் பார்க்க வேண்டும். கரையான் எண்ணெய் பூசிய சட்டங்களை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. குளோர்பைரிபாஸ் போன்ற கரையான் மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும் என்பது நெல் வயலில் மீன் வளர்த்தவர்களுக்குத் தெரியும். தார் பூசியது, செம்பும் ஆர்சனிக்கும் கலந்த மருந்து ஏற்றிய பச்சை நிறச் சட்டம், பூச்சிமருந்துப் பெட்டிப் பலகை ஆகியவையும் இப்பட்டியலில் சேரும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் ஈரத்தில் உப்பிப் பொடிந்துவிடும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல்சார் பிளைவுட் 12 மி.மீ. கனத்தில் வாங்கினால் 3 அடித் தொட்டிக்குப் போதும். பழுத்த தேக்கும் ஆகும்.

பிளைவுட்டின் வெட்டு விளிம்புகளில்தான் நீர் முதலில் புகும். ஆகவே விளிம்புகளுக்கு இருமுறையாவது வண்ணம் பூச வேண்டும். உட்புறம் வெள்ளை பூசினால் ஒளி நன்கு திரும்பிக் கீழே விழும். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. டப்பாவில் அக்குறிப்பைப் பார்த்து வாங்கவும். பழைய வீட்டுக் கதவுகளை அறுத்துப் பயன்படுத்துவோர் அவற்றில் உள்ள பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். பூசியபின் வாசனை முற்றிலும் நீங்கும் வரை, ஓரிரு வாரமேனும், காற்றாட வைக்க வேண்டும். இணைப்புகளை அடைக்கப் பூஞ்சாணக்கொல்லி சேராத சிலிக்கானையே கேட்டு வாங்கவும். குளியலறைக்கென விற்கப்படும் பலவற்றில் அது கலந்திருக்கும்.

மரவேலை வேண்டாம் என்போர்க்குப் பி.வி.சி. பலகை மிக வசதியானது. நீர் ஊறாது, வண்ணமும் தேவையில்லை. சுமார் 80 டிகிரி செல்சியஸில் இளகும் ஆதலால் சூடான விளக்குகளை இதில் பொருத்தக் கூடாது. அக்ரிலிக் தகடு பார்வைக்கு அழகுதான். ஒருபுறம் மட்டும் ஈரம் பட்டு நாளடைவில் வளைந்துவிடும். தெர்மாகோலும் அட்டைப் பெட்டியும் எளிதில் தீப்பற்றுபவை. ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை அறுக்கும்போது பறக்கும் நார்த்தூசு நுரையீரலைக் கெடுக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

விளக்கைப் பொறுத்தவரை பழைய குண்டு பல்பை விட்டுவிடலாம். அது வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போகிறது. சூடான பல்பின் மீது ஒரு துளி தெறித்தாலும் வெடிக்கும். 12 வோல்ட்டில் எரியும் எல்.இ.டி. பட்டைகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஐ.பி. 65 அல்லது ஐ.பி. 67 என்று குறித்தவற்றை வாங்கவும். முதலாவது தண்ணீர் பீச்சினாலும் தாங்கும். இரண்டாவது சிறிது நேரம் நீரில் முழுகினாலும் தாங்கும். பட்டையை அலுமினியச் சட்டத்தில் ஒட்டினால் சூடு பரவி நீண்ட நாள் உழைக்கும். 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் அடாப்டர் மூடிக்குள் இருக்கவே கூடாது. சுவரில், தொட்டிக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். விளக்குக்கும் நீருக்கும் இடையே 4 மி.மீ. கண்ணாடி ஒன்றைப் படுக்கவைத்தல் நலம். மூடியின் பின்புறம் காற்றுத் துளைகள் இருக்கட்டும்.

பம்புசெட்டுக் கொட்டகையில் பிளக் இல்லாமல் வயரைத் தீக்குச்சி வைத்துச் செருகும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் பழக்கம் மீன் தொட்டிப் பக்கம் வரக் கூடாது. ஈரக்கையும் தரையில் வெறுங்காலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. நில இணைப்புள்ள மூன்று முனைச் செருகியும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இந்த இணைப்புக்கு அவசியம். வயர் செருகிக்குள் நுழையுமுன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேறட்டும். வழிந்து வரும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், செருகிக்குள் போகாது. தொட்டியில் கை விடுமுன் சுவிட்சை அணைப்பதோடு செருகியையும் பிடுங்கிவிடுங்கள்.

மூடி தயாரானதும், அதே மரத்தில் அதே வண்ணம் பூசிய சிறு துண்டு ஒன்றை ஒரு வாளி நீரில் போட்டு இரண்டு மூன்று கப்பிகளை விடவும். பக்கத்திலேயே துண்டு போடாத மற்றொரு வாளியிலும் அதே எண்ணிக்கையில் மீன் விடவும். வயலில் உரம் போடாத ஒப்பீட்டுப் பாத்தி விடுவது போன்றதே இது. மூன்று நாளுக்குள் முதல் வாளி மீன்கள் மட்டும் சோர்ந்து மேல்மட்டத்தில் வாய் பிளந்தால் அந்தப் பூச்சு ஆகாது. இதில் தேறிய மூடியை வெற்றுத் தொட்டியின் மீது வைத்து நான்கு மணி நேரம் விளக்கை எரியவிடுங்கள். பின்பு செருகியைப் பிடுங்கிவிட்டு விளக்கைச் சுற்றியுள்ள பலகையைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் பின்புறத் துளைகளைப் பெரிதாக்க வேண்டும்.