திரைப் பந்தாட்டத்தின் பின்காப்பாளர்கள்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளிக்குச் செல்லும் பாதையிலே, சிறிது தூரத்தில் அமைந்திருப்பது உப்புவெளி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அங்கே கடல் அமைதியாகக் கிடக்கும். மாலை வேளைகளிலே சிறுவர்கள் மணலில் இரண்டு கம்புகளை நட்டுக் கோல் எல்லை வகுத்து உதைபந்தாட்டம் ஆடுவார்கள். இருட்டிய பின்னர் அவர்களிற் சிலர் வீட்டிலே தொலைக்காட்சியின் முன்னோ கைத்தொலைபேசியிலோ அதே ஆட்டத்தைத் தொடர்வதும் உண்டு. இப்பொழுது எதிரே நிற்பவர் மனிதர் அல்லர், கணினி.

மணலிலே ஆடிப் பழகியவனுக்குத் திரையிலே ஒரு வியப்புக் காத்திருக்கும். இடப்புறம் சாய்வதுபோலக் காட்டி வலப்புறம் பாயும் தந்திரம் மணலிலே பலரை ஏமாற்றியிருக்கும். திரையில் நிற்கும் பின்காப்பாளரோ அதற்கு அசைவதே இல்லை. பந்து போகும் இடத்துக்கு முன்கூட்டியே சென்று காலை வைத்துவிடுகிறார். ஆனால் அடுத்த கணத்தில், தம் தோளை உரசிக்கொண்டு எதிரணி வீரர் ஒருவர் கோலை நோக்கி ஓடும்போது, அதே பின்காப்பாளர் கண்டும் காணாதவர்போல் நின்றுவிடுகிறார். ஒரு கணம் மகாவீரர், மறுகணம் மரப்பாவை. இந்த முரண்பாடு எங்கிருந்து வருகிறது?

விடை எளியது. அந்தப் பின்காப்பாளருக்குக் கண்ணும் இல்லை, முதுகும் இல்லை. பந்தின் இடம், அதன் வேகம், திசை, 22 வீரர்களும் நிற்கும் நிலை ஆகிய யாவும் கணினியின் நினைவகத்திலே எண்களாக இருக்கின்றன. காட்சியைப் பெரும்பாலும் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் கணினி, அவ்வெண்களையும் அத்துணை விரைவாகவே மாற்றுகின்றது. பின்காப்பாளரை இயக்கும் கட்டளைத் தொகுதி அவ்வெண்கள் அனைத்தையும் ஒருங்கே படிக்கக்கூடியது. ஆடுபவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதும் அதே கணினிக்குள்ளேதான் பதிவாகிறது. ஆக்கியோர் தடை விதிக்காவிடின், வீரரின் கால் அசையுமுன்பே அவர் எண்ணம் எதிரிக்குத் தெரிந்துவிடும்.

மனிதரின் நிலை வேறு. கண் கண்டதை மூளை உணர்ந்து உடலை அசைப்பதற்கு ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் செல்லும். நொடிக்கு 7 மீற்றர் வேகத்தில் ஓடும் ஒருவர் அந்நேரத்துக்குள் 1.4 மீற்றர் கடந்துவிடுவார். ஏமாற்றும் கலை முழுவதும் இந்த 1.4 மீற்றரிலேதான் உயிர் வாழ்கிறது. அந்தச் சிறு இடைவெளி இல்லாத எதிரியை எந்த மன்னரும் ஏமாற்ற முடியாது.

விளையாட்டை ஆக்குவோர் இதனை அறியாதவர்கள் அல்லர். ஆகவே அவர்கள் கணினிக்கு வேண்டுமென்றே தாமதத்தைப் புகுத்துகிறார்கள். சிற்சில வேளைகளிலே தவறு செய்யுமாறும் விதிக்கிறார்கள். எளிய நிலை, கடின நிலை எனத் திரையிலே தெரிவு செய்யும்போது பெரும்பாலும் மாறுவன இவைதாம். கடின நிலையிலே தாமதம் குறையும், தவறு அருகும், வேகம் மிகும். ஆனால் ஆட்டத்தைப் பற்றிய அறிவு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதனாலேதான் பலர் தோற்கும்போது, திறமையிடம் தோற்றோம் என்ற நிறைவின்றி, வஞ்சிக்கப்பட்டோம் என்ற கசப்போடு எழுந்து செல்கிறார்கள்.

மரப்பாவை நிலைக்குக் காரணம் வேறு. உப்புவெளி நேயர்கள் கரைவலை இழுப்பதைக் கண்டிருப்பார்கள். வலையின் இரு கயிறுகளையும் இரு குழுவினர் பற்றி இழுப்பர். ஒரு பக்கம் முந்தினாலும் மறுபக்கம் பிந்தினாலும் வலை கோணிவிடும். மடியிலே சேரவேண்டிய மீன் தப்பிவிடும். ஆகையால் ஒவ்வொருவரும் தம் கயிற்றை மட்டுமன்றி மறுபக்கத்து இழுப்பையும் கவனித்தே கால் பெயர்ப்பர். பின்காப்பு வரிசையும் அத்தகையதே. எதிரியை ஓஃப்சைட் நிலையில் அகப்படுத்த நால்வர் ஒருசேர முன்னேறும்போது ஒருவர் பின்தங்கினால் வலை அறுந்ததற்கு ஒப்பாகும்.

திரையிலோ, பெரும்பாலும் பந்துக்கு அண்மையிலுள்ள ஓரிருவரே பந்தை நாடிச் செல்வர். மற்றையோர் தமக்கு வகுக்கப்பட்ட இடத்தைச் சூத்திரப்படி காத்து நிற்பர். சூத்திரம் எதிர்பாராத ஓட்டம் ஒன்று நேர்ந்தால் அவர்கள் கண்முன்னே வழி திறந்துவிடும். பந்து எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கு நுட்பமாகத் தெரியும். பக்கத்தில் நிற்கும் தோழர் என்ன செய்யப்போகிறார் என்பது தெரியாது. மனிதப் பின்காப்பாளரின் நிலை இதற்கு நேர்மாறானது.

பின்காப்பின் உயர்ந்த பண்பு பாய்வதன்று, பொறுப்பது. 1970ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி மெக்சிக்கோவின் குவாடலஹாரா நகரிலே இங்கிலாந்தும் பிறேசிலும் மோதின. பிறேசிலின் ஜைர்சினோ பந்தோடு விரைந்து வந்தபோது, இங்கிலாந்தின் தலைவர் போபி மூர் உடனே பாயவில்லை. பின்வாங்கிப் பின்வாங்கி, தண்டனைப் பரப்பினுள்ளே உரிய கணம் வரும்வரை காத்திருந்து, பந்தை மட்டும் கவர்ந்தார். அவ்வாட்டத்திலே இங்கிலாந்து 1-0 எனத் தோற்றது. ஆயினும் அந்த ஒரு செயல் இன்றும் பேசப்படுகிறது.

இப்பொறுமையைத் திரைக்குக் கொணரும் முயற்சிகள் நடவாமலில்லை. 1993இல் தொடங்கிய ஃபிஃபா விளையாட்டு வரிசையிலே, நெடுங்காலமாகப் பொத்தானை அழுத்திப் பிடித்தாலே பின்காப்பாளர் தாமாகப் பந்தைத் துரத்துவார். 2011இல் வெளியான பதிப்பு, தூரத்தைக் காத்து நின்று தக்க தருணத்தில் பந்தைக் கவரும் பொறுப்பை ஆடுபவரிடமே ஒப்படைத்தது. பழகியவர் பலர் முதலிலே திணறினர். பாய்ந்தால் போதும் என்று எண்ணியவர்களுக்குப் பொறுமை கடினமான பாடமே.

ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு வழியைக் கண்டனர். 1997ஆம் ஆண்டு மே மாதத்திலே டீப் புளூ என்னும் கணினி சதுரங்க வீரர் கரி கஸ்பரோவை வென்றது. சதுரங்கத்திலே பலகை முழுவதும் இருவருக்கும் தெரியும். உதைபந்தாட்டம் அத்தகையதன்று. அதே ஆண்டிலே யப்பானின் நாகோயா நகரில் ரோபோகப் என்னும் முதலாவது இயந்திர உதைபந்தாட்டப் போட்டி நடைபெற்றது. அதன் ஒரு பிரிவிலே ஆட்டம் கணினிக்குள்ளேயே நிகழும். ஆனால் பதினொரு வீரருக்கும் தனித்தனிக் கட்டளைத் தொகுதி. ஒவ்வொருவருக்கும் வரையறுத்த பார்வை. தொலைவிலுள்ளது தெளிவின்றியே தெரியும். தோழருக்குச் சொல்லக்கூடியது ஒரு சிறு சொல்லே. இயந்திரத்துக்கு மனிதரின் குறையைக் கொடுத்த பின்னரே, அது மனிதரைப்போல் ஒருவரையொருவர் நம்பி ஆடக் கற்கவேண்டியதாயிற்று.

திரைப் பந்தாட்டம் வீணானதன்று. அணி எவ்வாறு பரந்து நிற்கிறது, வெற்றிடம் எங்கே பிறக்கிறது என்பவற்றை அது மேலிருந்து காட்டுகிறது. ஆனால் பின்காப்பை அதனிடமே கற்ற சிறுவன் மணலுக்கு வந்தால், காணும் பந்துக்கெல்லாம் பாய்வான். தோழனைக் கூவி அழைக்க மறப்பான். யாவும் அறிந்தவருக்குப் பொறுமை தேவையில்லை, துணையும் தேவையில்லை. முதுகுக்குப் பின்னால் நடப்பதைக் காணமுடியாத மனிதருக்கே இரண்டும் வேண்டும். அவற்றைக் கற்பிக்கும் பள்ளி, மாலை வெயிலிலே கம்பு நட்ட அந்த மணல் வெளிதான்.