முடக்க உத்தரவும் சாட்சியமும்

மேட்டூருக்குச் சமீபமான கொளத்தூரில், 1980களில், விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் ஒன்று நடந்தது. சேலம் ஜில்லாவாசிகளுக்கு இது ரகசியமன்று. அவ்விடத்துக்குப் புலியூர் என்ற பெயரே வழங்கலாயிற்று. டில்லி சர்க்கார் அறியாமல் நடந்த காரியமுமன்று. ஸ்ரீபெரும்புதூர் கொலைக்கு மறு வருஷம், 1992 மே 14ந் தேதி, அதே டில்லி அவ்வியக்கத்தைத் தடை செய்தது. கதவைத் திறந்த கையே தாழும் போட்டது.

உள்நாட்டில் தடை விதிப்பது சுலபம். கடல் கடந்து திரளும் பணத்தைத் தடுப்பது எங்ஙனம்? 2001 செப்டம்பர் 28ந் தேதி நிறைவேறிய 1373வது தீர்மானத்தில், ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை, பயங்கரவாதிகளின் சொத்தை ஒவ்வொரு தேசமும் முடக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. ஆனால் அத்தீர்மானம் எவர் பெயரையும் சொல்லவில்லை. ஜாபிதா தயாரிக்கும் பொறுப்பு அந்தந்த தேசத்தைச் சார்ந்தது. ஒரு தேசத்தின் தடையை மற்றொரு தேசம் நம்பினாலொழிய இவ்வேற்பாடு நடவாது.

அந்த நம்பிக்கை சோதனைக்கு வந்த வழக்கை நமது நேயர்கள் அறிந்திருத்தல் நலம். ஐரோப்பிய ஒன்றியம் 2006ல் புலிகளைத் தன் ஜாபிதாவில் சேர்த்தது. பின்னர் அதை நீட்டித்த உத்தரவுகளை, 2014 அக்டோபரில் லக்ஸம்பர்க் நியாயஸ்தலம் ரத்து செய்தது. இயக்கம் குற்றமற்றது என்று நீதிபதிகள் கூறினார்களில்லை. பத்திரிகைச் செய்தியும் இணையத்தில் கண்டதும் சாட்சியமாகா என்றார்கள். இந்தியாவின் தடையை ஆதாரமாகக் காட்டியதற்கோ, எதிர்வாதம் புரியும் உரிமைக்கு அந்நாட்டில் தக்க பாதுகாப்பு உண்டா என்று முதலில் ஆராய்ந்தீர்களா எனக் கேட்டார்கள். ஆராய்ந்ததாகக் காணோம். 2017 ஜூலையில் அப்பீலும் தள்ளுபடியாயிற்று. பிற்பாடு வந்த ஜாபிதாக்களில் புலிகளின் பெயர் நீடித்தது வேறு விஷயம்.

இக்கேள்வி நமக்குக் கசக்கலாம்; வக்கீல் என்ற முறையில் அதை அநியாயமென்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. சட்ட விரோதச் சங்கமென்று ஒன்றைத் தடை செய்தால், ஹைகோர்ட் நீதிபதி ஒருவர் அமர்ந்த டிரிபியூனல் விசாரிக்கிறது. 2019ம் வருஷத் திருத்தத்தின்படி தனி மனிதரைப் பயங்கரவாதியென அறிவிக்கவோ, சர்க்கார் தாமே தீர்மானித்தால் போதும். பெயரை நீக்கும்படி முதலில் விண்ணப்பிக்க வேண்டியதும் அதே சர்க்காரிடம்தான். அறிவிப்புக்கு முன் ஒரு நீதிபதி சாட்சியத்தைப் பார்க்கட்டும். அயல்நாட்டுக் கோர்ட்டிலும் நம் உத்தரவு செல்ல இதைவிட நல்ல ஆயுதமில்லை.

இது டில்லிக்கும் லக்ஸம்பர்க்குக்கும் மட்டும் உரிய விவகாரமென்று எண்ணற்க. நாமக்கல்லிலிருந்து வளைகுடாவுக்கு முட்டை அனுப்பும் வியாபாரியின் பாங்கி, வாங்குவோன் பெயரை இந்த ஜாபிதாக்களோடு ஒத்துப் பார்க்கிறது. ஒரே பெயர் கொண்டோர் உலகில் எத்தனையோ பேர்! தகப்பன் பெயரும் பிறந்த தேதியும் ஜாபிதாவில் சரியாயிராவிட்டால், காத்துக் கிடப்பது குற்றவாளியின் பணமன்று; பண்ணைக்காரனின் பணம்.