பாக்கெட்டுகள் தொலைவது ஏன்?

புதிய கம்ப்யூட்டர், பிராட்பேண்ட் இணைப்பு எல்லாம் வாங்கியாயிற்று. ஆனால் வெளியூரில் இருக்கும் மகனுடன் வீடியோ அழைப்பில் பேசினால் குரல் விட்டுவிட்டு வருகிறது. உடனே அதிக வேகமுள்ள பிளானுக்கு மாறத் தோன்றும். அதற்கு முன் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

இன்டர்நெட்டில் எந்தத் தகவலும் பாக்கெட் எனப்படும் சிறு பொட்டலங்களாகப் பிரிந்தே செல்கிறது. இவற்றுக்கு வழிகாட்டுபவை ரூட்டர்கள். ஆடித்தபசு அன்று குருவிகுளத்திலிருந்து சங்கரன்கோவில் செல்லும் பஸ், வேகமாகப் போனாலும் ஊருக்குள் நுழையும் இடத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ரூட்டரிலும் அப்படித்தான். அங்கு பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம் பஃபர். பஃபர் நிரம்பிவிட்டால், அடுத்து வரும் பாக்கெட்டை ரூட்டர் கைவிட்டுவிடும். இதுவே பாக்கெட் லாஸ்.

ஃபைல் டவுன்லோட் என்றால் தொலைந்த பாக்கெட் மறுபடி அனுப்பப்படும். நேரடிப் பேச்சில் அதற்கு நேரமில்லை, குரல் அறுந்துவிடும்.

எல்லாரும் மறுபடி மறுபடி அனுப்பினால் என்ன ஆகும்? 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே, விநாடிக்கு 32,000 பிட் சென்ற பாதையில் வெறும் 40 பிட்தான் சென்றது. இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-ல் தீர்வை வெளியிட்டார். முதலில் குறைவாக அனுப்பு. பதில் ஒழுங்காக வந்தால் கூட்டு. பாக்கெட் தொலைந்தால் உடனே குறைத்துக்கொள். இதுவே கன்ஜெஷன் கண்ட்ரோல்.

தொலைந்த பிறகுதான் குறைக்க வேண்டுமா? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்த கே.கே. ராமகிருஷ்ணன், ராஜ் ஜெயினுடன் சேர்ந்து 1988-ல் வேறு வழி சொன்னார். நெரிசல் தொடங்கும்போதே ரூட்டர் பாக்கெட்டில் ஒரு குறி வைத்து எச்சரிக்கும். இதே கருத்து 2001-ல் ஈ.சி.என். என்ற பெயரில் இன்டர்நெட் விதிமுறைகளில் சேர்ந்தது. அதிவேக இணைப்புகளில் பழைய முறை, குறைத்த வேகத்தை மறுபடி எட்ட அதிக நேரம் எடுத்தது. அதற்காக வந்த கியூபிக் முறை 2006 முதல் லினக்ஸிலும், 2017 முதல் விண்டோஸ் 10-லும் இயங்குகிறது.

உங்கள் வீட்டில் சோதித்துப் பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் கட்டளையுடன் கூகுள் தளத்தின் முகவரியை டைப் செய்து என்டர் தட்டுங்கள். நான்கு பாக்கெட்டுகள் செல்லும். எத்தனை தொலைந்தன, பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆனது என்று திரையில் தெரியும். பெரிய ஃபைல் ஒன்றை அப்லோட் செய்துகொண்டே மறுபடி சோதியுங்கள்.

அப்போது மட்டும் நேரம் பல மடங்கு கூடினால், நெரிசல் உங்கள் வீட்டு ரூட்டரிலேயே இருக்கலாம். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் செட்டிங்ஸில் அப்லோட் வேகத்துக்கு வரம்பு வையுங்கள். ரூட்டரில் கியூ.ஓ.எஸ். வசதி இருந்தால் இயக்குங்கள். வேறு வேலை எதுவும் நடக்காதபோதும் பாக்கெட் தொலைந்தால், முதலில் வைஃபையை விட்டு கேபிளில் இணைத்துப் பாருங்கள். அப்போதும் தொலைந்தால் இணைப்பு தந்தவரிடம் புகார் செய்யுங்கள். பிளானை மாற்றுவது கடைசி வழியாக இருக்கட்டும்.